மார்கழி ஏரியும் மனித அறிவும்

(தண்டலத்தில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஏரித் தண்ணீரும் அதில் குடியிருக்கும் சிறு பிராணிகளுமாகும். "இதற்கு ஒரு கூட்டமா? ஏரி நம் கண்ணெதிரில் கிடக்கிறது. பிறந்த நாள் முதல் பார்த்து வருகிறோம். இதில் பேச என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கண்ணெதிரில் கிடப்பதனாலேயே நாம் அதைப் பார்ப்பதில்லை என்பதுதான் நாம் சொல்ல வந்தது. சந்திரனில் பள்ளம் இருக்கிறதென்று நம் பள்ளிக்கூடத்துப் பையன் சொல்லுகிறான், சந்தோஷம். தன் ஊர் ஏரியில் விடியற்காலையில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறதென்று கேட்டால் பையனுக்கும் தெரியாது. அவன் தகப்பனாருக்கும் தெரியாது. ஓட்டுக் கேட்க வருகிறவருக்கும் தெரியாது.

தண்டலத்தைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் வந்துவிட்டன. பிழைப்பு வந்தது; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இப்பக்கம் முழுவதும் ஏரிப் பாசன நாடு. ஒரு ஏரி நிரம்பி மறு ஏரிக்கு வழியும்படி முன்னோர் வெட்டி வைத்த நாடு. பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 2015 டிசம்பரில் பொங்கியதையும், 2019 கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்ததையும் நீங்களே பார்த்தீர்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஏரியைப் பற்றிய அறிவு என்பது பொழுது போக்கல்ல. அது ஊரின் சொத்துப் பத்திரத்தைப் படிக்கத் தெரிவது போன்றதாகும்.

மீன் செத்தது, காரணம் யார்?

ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி மாதம், இரண்டு மூன்று நாளாக மப்பும் மந்தாரமும். ஒரு நாள் விடிந்து பார்த்தால் கரையோரமெல்லாம் கெண்டை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. உடனே என்ன நடக்கும்? ஒரு கிழவர், "அம்மனுக்குக் கூழ் ஊற்றவில்லை, அதனால் வந்த வினை" என்பார். இன்னொருவர், "ஏரிக்குள் காலை வைக்கக் கூடாதவன் வைத்துவிட்டான்" என்பார். ஒரு வாலிபர், "கம்பெனிக்காரன் விஷத்தைக் கலந்துவிட்டான்" என்பார். அதிகாரி ஒருவர் பகல் பதினொரு மணிக்கு வந்து ஒரு புட்டியில் தண்ணீரை மொண்டு போய், "தண்ணீரில் யாதொரு தோஷமும் இல்லை" என்று எழுதிவிடுவார். ஊரார் பரிகாரப் பூஜைக்குப் பணம் வசூல் செய்வார்கள். அத்துடன் சங்கதி முடிந்துவிடும்.

இந்த நால்வரில் யார் சொன்னது சரி? ஒருவரும் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை; அளக்க வேண்டியதை அளக்கவில்லை. அதனால் எவர் வாய் பெரியதோ அவர் சொன்னது நியாயமாகிவிட்டது. அவ்வளவுதான்.

கிணறு வெதுவெதுப்பானது எப்படி?

முதலில் சுலபமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுவோம். மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பது நம் தாய்மார்கள் அனைவருக்கும் தெரியும். "விரதமிருந்து நீராடுகிறவர்களுக்காகப் பகவான் செய்து வைத்த ஏற்பாடு" என்று இதற்குக் காரணம் சொல்லுவார்கள். நாம் சொல்லுவது என்னவென்றால், ஒரு வெப்பமானியை வாங்கிக் கயிற்றில் கட்டி விடுங்கள் என்பதே. கிணற்றின் ஆழத்திலுள்ள நீர் இப்பக்கத்தில் வருஷம் முழுவதும் ஏறக்குறைய 28 டிகிரியிலேயே நிற்கும். மார்கழி விடியலில் வெளிக் காற்று 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. ஆகவே கிணறு சூடாகத் தெரிகிறது. சித்திரைப் பகலில் காற்று 40 டிகிரிக்கு ஏறுகிறது; ஆகவே அதே கிணறு ஜில்லென்று தெரிகிறது. மாறினது கிணறல்ல, நம்முடைய தோல். விரதமிருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் வெப்பமானி ஒரே எண்ணைத்தான் காட்டும்.

விடியற்காலையில் ஏரியின் மேல் புகை போல் எழும்புவதும் இவ்வகையே. ஏரி நீர் பகலில் வாங்கிய சூட்டைச் சுலபத்தில் விடுவதில்லை. அதன் மேலுள்ள காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. நீரிலிருந்து கிளம்பிய ஆவி அந்தக் குளிர்ந்த காற்றில் பனித் துளியாகிறது. இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

அவர்கள் குளிர் வேறு, நம் குளிர் வேறு

மதப் புத்தகத்தைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது, விஞ்ஞானப் புத்தகமானால் நம்பலாம் என்று சிலர் எண்ணியிருக்கிறார்கள். அதுவும் தப்பு. குளிர் தேசத்தார் எழுதிய புத்தகங்களில், குளிர் காலம் குளத்துப் பிராணிகளுக்குச் சாவுக் காலம் அல்லது தூக்கக் காலம் என்று எழுதியிருக்கும். அவர்கள் தேசத்துக்கு அது முற்றிலும் சரி. நீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாயிருக்கிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்து உறைகிறது. ஆகையால் பனிக்கட்டி கூரை போல் மேலே மிதக்க, மீன் அடியில் பிழைத்திருக்கிறது. ஆனால் அக்கூரையின் மேல் வெண்பனி மூடி வெளிச்சம் வெகு நாள் போகாவிட்டால், உள்ளேயிருக்கும் பிராணவாயு செலவாகித் தீர்ந்து மீன் மடியும்.

நம் தேசத்தில் கதை தலைகீழ். 1916-இல் ஏற்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் தலைவர் நெல்சன் அனண்டேல் என்பவர். அவர் கல்கத்தாக் குளங்களைப் பல காலம் ஆராய்ந்து, நன்னீர்ப் பஞ்சுயிரிகளைப் பற்றியும் ஹைட்ரா முதலிய நுண்பிராணிகளைப் பற்றியும் 1911-இல் ஒரு பெரும் புத்தகம் எழுதினார். நன்னீர்ப் பஞ்சுயிரி என்பது கல்லிலும் கட்டையிலும் ஒட்டி வளரும் ஒரு பிராணி. ஐரோப்பாவில் அது குளிர் வருமுன் அழிந்து, கடினமான மணி போன்ற வித்துக்களை விட்டுப் போகும். அவை குளிரைத் தாண்டி வசந்தத்தில் முளைக்கும். இங்கேயோ பெரும்பாலும் குளிர் மாதங்களில்தான் அது செழித்து வளருகிறது. கோடையில் அழிந்து வித்தாகக் கிடக்கிறது. ஹைட்ராவும் அங்குக் குளிர் மாதங்களில் காணப்பட்டு, வெயில் ஏற ஏற மறைகிறது. ஒரே இனம், ஒரே தந்திரம். அங்கே பனிக்குத் தப்புவதற்கு, இங்கே வெயிலுக்குத் தப்புவதற்கு!

ஆகவே, ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பும் நம் ஏரிக்கு மார்கழியும் தையும் சாவுக் காலமல்ல. அதுவே அதன் வாழ்வுக் காலம். இதைப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குளத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அனண்டேல் செய்ததும் அதுதான்.

மழையோடு விழுந்ததா?

வறண்டு கிடந்த குட்டையில் மழை பெய்த சில நாளில் சிறு பிராணிகள் துள்ளுவதைப் பார்த்து, "மழையோடு விழுந்தது" என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். இறாலைப் போன்று, ஆனால் ஓடில்லாமல், மல்லாந்த வாக்கில் நீந்தும் ஒரு சிறு பிராணி நம் பக்கத்து மழைக் குட்டைகளில் உண்டு. ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்று அதற்குப் பெயர். அதன் முட்டை, சேறு காய்ந்து ஓடு போல் வெடித்த பின்னும் சாகாமல் கிடக்கும். நீர் பட்டதும் குஞ்சு வெளியே வரும். குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு, மடிந்துவிடும்.

நீர்த்தெள்ளு என்று ஒன்று உண்டு, கடுகளவுகூட இராது. பாசியைத் தின்று வளருவது. நீரும் தீனியும் நன்றாயிருக்கும் வரை அதில் பெண்களே பெண்களைப் பெற்றுக்கொண்டு போகும், ஆணே வேண்டியதில்லை. நிலைமை கெடும்போதுதான் ஆண் பிறக்கிறது; அப்போது உண்டாகும் முட்டை கெட்டியான உறைக்குள் அமர்ந்து அடுத்த மழை வரை காத்திருக்கிறது. ஆணில்லாமல் பெண்ணுக்குக் கதியில்லை என்று புராணம் படிக்கிறவர்கள் இந்தக் கடுகைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்!

இந்தச் சிறு பிராணிகள் இல்லாவிட்டால் மீன் குஞ்சுக்குத் தீனி இல்லை. மீன் இல்லாவிட்டால் கொக்கும் நாரையும் இல்லை. நம் சட்டியிலும் ஒன்றுமில்லை. ஆகவே, காய்ந்த ஏரியைக் கண்டதும் "இது வெற்று நிலம், மண்ணைக் கொட்டி மூடு" என்று சொல்லுகிறவர், அதன் சேற்றில் ஓர் ஏரியே வித்தாகப் படுத்திருப்பதை அறியாதவராவார்.

ஏரியும் மூச்சு விடுகிறது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் நீரிலோ, 25 டிகிரியில், காற்றிலிருந்து கரைந்து நிற்கக் கூடியது சுமார் 8 மில்லிகிராம்தான். அவ்வளவு சொற்பத்தில் மீன் குடித்தனம் செய்கிறது. நீர் குளிர்ந்தால் அதிகம் கரையும்: 30 டிகிரியில் 7.6, 20 டிகிரியில் 9.1, உறையும் நிலையில் 14.6. குளிர்ந்த நீரில் பிராணிகளுக்கு வேண்டிய மூச்சும் குறைவு. வரவு அதிகம், செலவு குறைவு. ஆதலால்தான் குளிர் மாதம் நல்ல மாதம்.

அப்படியானால் மார்கழியில் மீன் ஏன் சாக வேண்டும்? அதுதான் கேள்வி. மழை வெள்ளம் வெறும் கையோடு வருவதில்லை. சாணம், இலைதழை, வயல் உரம், சாக்கடை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருகிறது. இந்த உரத்தைத் தின்று பாசி பெருகுகிறது. பகலில் வெளிச்சத்தில் பாசி பிராணவாயுவை உண்டாக்குகிறது. இராத்திரியில் அதே பாசி, மீனைப் போலவே, பிராணவாயுவை வாங்கி மூச்சு விடுகிறது. அடியில் அழுகும் குப்பையிலுள்ள நுண்கிருமிகளும் வாங்குகின்றன. மார்கழி இரவு நீளமானது; நம் பக்கத்தில் ஏறக்குறைய 12 மணி 40 நிமிஷம். முந்திய பகல் மப்பாக இருந்திருந்தால் வரவும் குறைவு. ஏரி இரவெல்லாம் செலவழித்துச் சூரியன் உதிக்கும் தருணத்தில் கையில் காசில்லாத நிலைமைக்கு வருகிறது. ஆழமான இடமாயிருந்தால், மேல் நீர் இரவில் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடியில் கிடந்த அழுகின முட்டை நாற்றமுள்ள நீர் மேலே கிளம்புவதும் உண்டு. அப்போது மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. அப்புறம் மிதக்கிறது. கோடையிலும் இப்படி நடக்கும். ஆனால் மார்கழியில் மப்பு நாள் இதற்குத் துணை செய்கிறது.

நல்ல ஏரிக்கு இது நேருவதில்லை. சாக்கடை வாங்கிய ஏரிக்கே நேருகிறது. "இயற்கைதானே" என்று கையைக் கழுவிக்கொள்ள இதில் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோயில் குளமும் இதற்கு விலக்கல்ல. எஸ். வி. கணபதி என்னும் ஆராய்ச்சியாளர், ஒரே வகைப் பாசி ஓயாமல் பூத்துக் கிடந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றி 1940-ஆம் வருஷத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். தீர்த்தம் என்று பெயர் வைத்துவிட்டால் பாசி பயந்து ஓடிவிடாது.

பதினொரு மணிச் சாட்சி

இப்போது அந்த அதிகாரியிடம் வருவோம். அவர் பொய் எழுதவில்லை. பகல் பதினொரு மணிக்கு, பாசி மண்டிய ஏரியில், வெயிலடித்த பின் அளந்தால், பிராணவாயு 10 மில்லிகிராமுக்கு மேலும் காட்டலாம். அதே ஏரியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். திருட்டு நடந்தது இராத்திரி. சாட்சியை விசாரித்தது பகலில்! மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே, மீன் வாழும் நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமலும், குளிக்கும் நீரில் 5-க்குக் குறையாமலும் பிராணவாயு இருக்க வேண்டுமென்று வகுத்திருக்கிறது. அது எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டியவர்கள் நாம். "விடியுமுன் வந்து அளவெடு" என்று கேட்க ஊராருக்குத் தெரிந்திருந்தால் அந்தக் காகிதம் வேறு விதமாக இருந்திருக்கும்.

நாமே அளக்க முடியாதா? முடியும். 1888-இல் விங்க்ளர் என்னும் ஹங்கேரி தேசத்து ரசாயனர் கண்டுபிடித்த முறை இன்றும் வழங்குகிறது. புட்டியில் காற்றுக் குமிழி புகாமல் நீரை மொண்டு, மாங்கனீசு உப்புக் கரைசலையும் காரங் கலந்த அயோடைடு கரைசலையும் சில துளிகள் விட வேண்டும். பிராணவாயு இருந்தால் பழுப்பு நிறமாகப் படியும். அறவே இல்லாவிட்டால் வெள்ளையாகப் படியும். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் வாத்தியார் துணையோடு இதைச் செய்யலாம்.

ரசாயனம் இல்லாதவர்களுக்கும் சாட்சிகள் உண்டு; அவை பிராணிகளே. விரால், குரவை, பனையேறி முதலியவை மேலே வந்து காற்றையே வாங்கி மூச்சு விடக்கூடியவை. கெண்டை செத்து, விராலும் குரவையும் பிழைத்திருந்தால், மூச்சு முட்டியது காரணமாயிருக்கலாம் என்று நினையுங்கள். விரால், தவளை, நீர்ப் பூச்சி எல்லாம் ஒன்றாய்ச் செத்திருந்தால் விஷத்தைச் சந்தேகியுங்கள். சேற்றைக் கிளறினால் சிவப்புப் புழுவே நெளிகிறதா? அதன் உடம்பில், நம் இரத்தத்தில் உள்ளது போன்ற, பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் சிவப்புப் பொருள் இருக்கிறது. ஆகையால் மூச்சில்லாத சேற்றிலும் பிழைக்கும். வாலில் மூன்று மெல்லிய இழைகளுடன் கல்லடியில் ஒட்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகளும் தும்பிக் குஞ்சுகளும் பலவகையாகக் கிடைத்தால் ஏரி இன்னும் சுகமாயிருக்கிறது. மேற்படி வாரியமும் இவ்வகைப் பிராணிகளை எண்ணி நீரின் தரத்தைச் சொல்லும் ஒரு முறையை வைத்திருக்கிறது. இவை முதற் குறிகளே. தீர்ப்பு அளவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், தெய்வக் குற்றம் என்று சொன்னவுடன் மனிதக் குற்றம் மறைந்துவிடுகிறது. இராத்திரியில் கழிவு லாரியைக் கொண்டுவந்து கால்வாயில் திறந்து விடுகிறவனுக்கு அம்மனைப் போல் நல்ல வக்கீல் கிடைக்காது! அவன் குற்றத்துக்கு ஊரே பரிகாரம் செய்கிறது. அதேபோல், ஆராயாமல் "கம்பெனி விஷம்" என்று கூச்சலிட்டால், ஒரு பரிசோதனையில் விஷம் இல்லையென்று காட்டி நம் வாயை அடைத்துவிடுவார்கள். பிறகு மெய்யாகவே விஷம் வரும் நாளில் நம் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்.

தீட்டும் அசுத்தமும்

"கால் வைக்கக் கூடாதவன் வைத்தான்" என்று ஒருவர் சொன்னாரே, அவருக்கும் பதில் சொல்ல வேண்டும். 1927 மார்ச்சில் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மஹாடு என்னும் ஊரின் பொதுக் குளத்தில் நீர் அருந்தினார். அதனால் குளம் தீட்டாகிவிட்டதென்று, சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றி அதைச் "சுத்தம்" செய்தார்கள். ரசாயனக் கண்ணால் இதைப் பாருங்கள். மனிதன் கையால் மொண்டு குடித்ததால் குளத்தில் கெடுதல் ஏதும் சேரவில்லை. சாணமும் பாலும் ஊற்றியதோ, நுண்கிருமிகளுக்குத் தீனி போட்டு, மீனின் மூச்சைப் பறிப்பதற்கு வழி. தீட்டு என்பது புட்டியில் அகப்படாது, அசுத்தம் அகப்படும். அகப்படாததற்காக மனிதனை அடித்து விரட்டினோம். அகப்படுவதைக் குடம் குடமாக ஊற்றினோம்.

துணியால் வடிகட்டி ஒழித்த வியாதி

"இதெல்லாம் தெரிந்து என்ன பிரயோஜனம்?" என்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்லி முடிப்போம். நரம்புச் சிலந்தி என்ற பெயரைக் கிழவர்கள் கேட்டிருப்பார்கள். காலில் கொப்புளம் கண்டு, முழ நீளத்துக்கும் மேற்பட்ட புழு வெளியே வரும் வியாதி அது. ஏழைக் குடியானவன் மாதக் கணக்கில் படுக்கையில் கிடப்பான். 1870-இல் பெட்சென்கோ என்னும் ரஷ்ய ஆராய்ச்சியாளர், இப்புழுவின் குஞ்சு குளத்து நீரிலுள்ள சைக்ளாப்ஸ் என்னும் ஒற்றைக்கண் சிறு பிராணிக்குள் புகுந்து வளருகிறதென்று கண்டார். அந்த நீரைக் குடிப்பவன் வயிற்றுக்குள் அது போகிறது. அவன் பின்னர் புண்ணுள்ள காலோடு குளத்தில் இறங்கினால் மறுபடி குஞ்சு நீரில் விழுகிறது. இந்தச் சங்கிலியில் பாபமும் இல்லை, பூர்வ ஜன்மமும் இல்லை.

இவ்வியாதிக்குத் தடுப்பு ஊசியும் கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. இருந்தும் ஒழிந்தது. எதனால்? குடிநீரைத் துணியால் வடிகட்டினார்கள். புண்ணுள்ளவனைக் குளத்தில் இறங்க விடவில்லை. குழாய்க் கிணறு போட்டார்கள். 1980-களின் முற்பகுதியிலேயே தமிழ்நாட்டில் இது ஒழிந்தது. 1996-இல் ராஜஸ்தானத்தில் கண்ட நோயாளியே இந்தியாவில் கடைசி; 2000-இல் இந்தியா இவ்வியாதியற்ற நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று தந்தது. எந்த நேர்த்திக்கடனும் செய்யாததை ஒரு முழத் துணியும் கொஞ்சம் அறிவும் செய்தன.

தோழர்களே! மார்கழியில் விடியுமுன் எழுந்திருக்க வேண்டுமென்று நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடும்படி நாம் கேட்கவில்லை. எழுந்தவர்களில் நாலு பேர் ஏரிக்கரைக்கு வாருங்கள் என்றுதான் கேட்கிறோம். கையில் ஒரு வெப்பமானி, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், நீரின் சூடு, நிறம், நாற்றம், மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா, தட்டில் என்னென்ன பிராணி விழுந்தது என்று வாரம் ஒரு நாள் எழுதி வையுங்கள். சாதி பாராமல், ஆண் பெண் பாராமல், கம்பெனி வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளிகளையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள். இரண்டு மார்கழி எழுதினால், அடுத்த முறை மீன் மிதக்கும் நாளில் பூசாரியும் வேண்டாம், வதந்தியும் வேண்டாம். நோட்டுப் புத்தகத்தை அதிகாரியின் மேஜைமேல் வைத்து, "இதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று கேட்கலாம்.

அந்த நோட்டுப் புத்தகத்தை இந்தத் தண்டலத்திலேயே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.